தொலைதூர டிரோன் வீடியோவும் வைஃபை அடாப்டரும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சொந்தமாகக் கட்டிய டிரோனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுக்கு நேரலை வீடியோ அனுப்ப, கடையில் கிடைக்கும் யு.எஸ்.பி. வைஃபை அடாப்டரே போதும் என்பதை 2015 வாக்கில் வெளிவந்த வைஃபைபிராட்காஸ்ட் என்ற திறமூலத் திட்டம் செய்து காட்டியது. அதே கருத்தின் மேல் எழுந்த டபிள்யூ.எஃப்.பி.-என்ஜி, ஓப்பன்ஹெச்டி, ரூபி ஆகியவற்றை இன்று டிரோன் கட்டுபவர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். வழக்கமான வைஃபையில் இரு கருவிகளும் முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அனுப்பப்படும் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும், அதாவது பாக்கெட்டுக்கும், ஒப்புகை வர வேண்டும். வராவிட்டால் அதே பாக்கெட் மறுபடி அனுப்பப்படும். தொலைவு கூடும்போது இந்த முறை திடீரென்று முறிந்துவிடும். படம் ஒரேயடியாக நின்றுபோகும். வைஃபைபிராட்காஸ்ட் முறையில் இணைப்பும் இல்லை, ஒப்புகையும் இல்லை. டிரோனில் உள்ள அடாப்டர் வானொலி நிலையம்போல் பாக்கெட்டுகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். தரையில் உள்ள அடாப்டர் மானிட்டர் நிலையில், அதாவது எதனுடனும் இணையாமல் காற்றில் வரும் எல்லாப் பாக்கெட்டுகளையும் கேட்கும் நிலையில், காதுகொடுத்துக்கொண்டிருக்கும். இடையில் தொலையும் பாக்கெட்டுகளை, கூடவே அனுப்பப்படும் பிழைதிருத்தப் பாக்கெட்டுகளிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலையை எல்லா அடாப்டர்களும் செய்வதில்லை. ஆனாலும், அடாப்டரைக் குறை சொல்லி வேறொன்று வாங்குபவர்களில் பெரும்பாலோர் உண்மையில் மின்சாரத்திலோ ஆண்டெனாவிலோ தவறு வைத்திருக்கிறார்கள் என்பதே இத்தனை நாள் பழக்கத்தில் நான் கண்டது. ஆகவே பணத்தை எடுக்கும் முன் அறிகுறியைப் பாருங்கள். கீழே உள்ள பகுதிகளை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கருவி காட்டும் அறிகுறிக்குரிய பகுதிக்கு நேரே செல்லலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, விளைவைக் குறித்துக்கொண்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இன்னொன்று, ஆண்டெனாக்கள் பொருத்தப்படாத நிலையில் அடாப்டரை ஒருபோதும் ஒலிபரப்பவிடாதீர்கள். வெளியேற வழியில்லாத ஆற்றல் திரும்பிவந்து மின்பெருக்கியைக் கெடுத்துவிடக்கூடும். அப்படிக் கெட்ட அடாப்டர் வேலை செய்வதுபோலவே தோன்றி, தொலைவு மட்டும் வராமல் உங்களை நாள்கணக்கில் அலைக்கழிக்கும்.

அறிகுறி: அடாப்டர் தெரிகிறது, ஆனால் மானிட்டர் நிலைக்கு வரவில்லை, அல்லது வந்தும் பாக்கெட் எதுவும் வெளியேறவில்லை

இங்கே பார்க்க வேண்டியது சிப். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது. இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு டிபி-லிங்க் டபிள்யூ.என். 722என் என்ற அடாப்டர். அதன் முதல் பதிப்பில் ஏதெராஸ் 9271 சிப் இருந்தது; இந்த வேலைக்கு அது ஏறக்குறைய அளவுகோல் எனலாம். இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் ரியல்டெக் 8188 வகைச் சிப் வந்துவிட்டது. வெளித்தோற்றம், பெயர், பெட்டி எல்லாம் ஒன்றே. பழைய குறிப்பைப் படித்துவிட்டு இன்று அந்தப் பெயரில் வாங்குபவரின் கைக்கு வருவது முற்றிலும் வேறு பொருள். அதே நிறுவனத்தின் ஆர்ச்சர் டி4யு அடாப்டரிலும் முதல் பதிப்புகளில் இருந்த ரியல்டெக் 8812ஏயு சிப், மூன்றாம் பதிப்பில் 8812பியு ஆனது. ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு என்று தோன்றும்; ஆனால் 8812ஏயு சிப்புக்காக எழுதப்பட்ட டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) 8812பியு சிப்பில் இயங்காது.

லினக்ஸில் அடாப்டரைச் செருகி, யு.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை ஓட்டினால், ஒவ்வொரு கருவிக்கும் இருபகுதி கொண்ட அடையாள எண் தெரியும். ஏதெராஸ் சிப்பானால் பின்பாதி 9271 என்றிருக்கும். ரியல்டெக்கின் பொது எண்ணைத் தாங்கி வரும் 8812ஏயு அடாப்டர்களில் பின்பாதி 8812 என்றிருக்கும். சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி எண் இட்டுக்கொள்வதால், 8812 தெரியாததை மட்டும் வைத்து அது அந்தச் சிப் அன்று எனச் சொல்லிவிட வேண்டாம். எந்த டிரைவர் அதைப் பற்றிக்கொள்கிறது என்பதையும் பாருங்கள். கடைக்காரரிடம் வாங்குவதானால் பதிப்பு எண்ணைக் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. நான் ஒருமுறை படத்தை மட்டும் நம்பி மூன்று அடாப்டர்கள் வரவழைத்தேன். மூன்றிலும் சிப் வேறாக இருந்தது, அவற்றைத் திருப்பி அனுப்பவே இரண்டு வாரம் பிடித்தது.

எந்தச் சிப்பைத் தேடுவது என்ற கேள்விக்கு என் விடை இது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 8812ஏயு இன்றும் நம்பகமானது. இரண்டு ஆண்டெனாக்கள் கொண்டது. மானிட்டர் நிலையிலும், இணைப்பின்றியே பாக்கெட்டை வெளியிடும் பாக்கெட் இன்ஜெக்‌ஷனிலும் பல ஆண்டுகள் சோதிக்கப்பட்டது. ஆல்ஃபா நிறுவனத்தின் ஏ.டபிள்யூ.யு.எஸ். 036 ஏசிஎச் போன்ற பெரிய அடாப்டர்களிலும், உறையில்லாத சிறு பலகைகளாகவும் கிடைக்கிறது. பின்னால் வந்த 8812இயு சிப்பைத் தாங்கிய பலகைகள் டிரோனில் வைப்பதற்கென்றே பலராலும் விரும்பப்படுகின்றன. அவற்றுக்குத் தனி டிரைவர் தேவை என்பதை நினைவில் வையுங்கள். எடை குறைந்த டிரோனுக்கு ஒரே ஆண்டெனா கொண்ட 8811ஏயு, 8821ஏயு சிப்புகளும் பயன்படும். இவை 8812ஏயு டிரைவரிலேயே இயங்குபவை. ஏதெராஸ் 9271 நல்ல சிப்தான், ஆனால் அது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே. உங்கள் கட்டுப்பாட்டுக் கருவியும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கினால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ராஸ்ப்பெர்ரி பை பலகையிலேயே பதிந்துள்ள வைஃபை இதற்கு உதவாது. இயல்பான மென்பொருளுடன் அது மானிட்டர் நிலைக்கே வருவதில்லை. அதை அமைப்புக் கோப்பில் முடக்கிவிடுங்கள்.

சிப் சரியாக இருந்தும் மறுக்கிறதென்றால், கணினியின் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் அந்த அடாப்டரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் மானிட்டர் நிலைக்கு மாற்றுவீர்கள். அது அடுத்த நொடியே பழைய நிலைக்கு இழுக்கும். அந்த அடாப்டரைக் கவனிக்க வேண்டாம் என்று மேலாண்மை மென்பொருளுக்குச் சொல்லிவிட்டு மீண்டும் முயலுங்கள். எந்த நாட்டு அலைவரிசை விதியைப் பின்பற்றுவது என்று கணினிக்குச் சொல்லும் நாட்டுக் குறியீட்டையும் பாருங்கள். குறியீடு அமைக்கப்படாத கணினியில் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல்கள் பலவும் 'கேட்கலாம், ஒலிபரப்பக் கூடாது' என்ற நிலையில் இருக்கும். ரேடாருடன் பகிர்ந்துகொள்ளப்படும் நடுப்பகுதிச் சேனல்களை விட்டுவிட்டு, 149 முதல் 165 வரையுள்ள சேனல்களில் ஒன்றை எடுத்துக்கொள்வது பல தொல்லைகளைத் தவிர்க்கும்.

நேற்றுவரை ஓடியது இன்று கணினியைப் புதுப்பித்தபின் காணாமல் போயிற்று என்றால் காரணம் எளிது. தனியாக நிறுவிய டிரைவர் பழைய கெர்னலுக்காக (லினக்ஸின் மையப் பகுதி) கட்டப்பட்டது. புதிய கெர்னலுக்கு அதை மறுபடி கட்ட வேண்டும். அண்மைய கெர்னல்களில் இச்சிப்புகளுக்கு உள்ளமைந்த டிரைவரும் வந்துவிட்டதால், அது முந்திக்கொண்டு அடாப்டரைப் பற்றுவதும் உண்டு. அவ்வாறெனில் உள்ளமைந்ததை விலக்குப் பட்டியலில் சேருங்கள். பறக்கும் கருவியில் உள்ள மென்பொருளைத் தேவையின்றிப் புதுப்பிக்காதிருப்பதே நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

அறிகுறி: சில நொடிகளோ நிமிடங்களோ ஓடுகிறது, பிறகு அடாப்டர் மறைந்து மீண்டும் தோன்றுகிறது

இதைத்தான் மிகவும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் 'தரமற்ற அடாப்டர்' என்று தூக்கியெறியப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இந்த அறிகுறியைக் காட்டியவையே, அவற்றில் மிகச் சிலவே உண்மையில் பழுதானவை.

யு.எஸ்.பி. 2.0 துறை (போர்ட்) ஒன்று தரக் கடமைப்பட்டது 500 மில்லியாம்பியர், 3.0 துறை 900 மில்லியாம்பியர். உயர் ஆற்றலில் ஒலிபரப்பும் 8812 வகை அடாப்டர் முதல் வரம்பை எளிதில் தாண்டிவிடும். அதைவிடச் சிக்கலானது, அந்த மின்னோட்டம் சீராக ஓடுவதில்லை; ஒவ்வொரு பாக்கெட்டும் வெளியேறும் கணத்தில் பாய்ந்து, அடுத்த கணத்தில் தணியும். ராஸ்ப்பெர்ரி பை 4 பலகையில் நான்கு துறைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் வரம்பு. கேமராவும் மற்றவையும் அதே பலகையில் இருக்கும்போது, பாக்கெட் வெடிப்பின் உச்சத்தில் மின்னழுத்தம் சரிகிறது, அடாப்டரின் சிப் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது, கெர்னல் பதிவேட்டில் யு.எஸ்.பி. துண்டிப்பு என்று ஒரு வரி விழுகிறது. அந்த வரியும் படம் நின்ற நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ராஸ்ப்பெர்ரி பை, தன் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது அதைத் தனக்குள் குறித்துக்கொள்ளும். அதன் நிலைக் கட்டளையைக் கேட்டால் சுழியம் மட்டும் விடையாக வர வேண்டும். 50000 என்று முடிந்தால், இப்போது நலமாக இருந்தாலும் இடையில் ஒருமுறை அழுத்தம் சரிந்தது என்று பொருள். இந்தச் சோதனையை நான் வலியுறுத்தக் காரணம், மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றும் என்பதுதான். அது சராசரியைக் காட்டும் கருவி. மில்லிநொடி நேரச் சரிவு அதன் கண்ணில் படாது. 5.02 வோல்ட் என்று காட்டிக்கொண்டே இருக்கும், அடாப்டர் விழுந்துகொண்டே இருக்கும்.

கம்பியும் கணக்கில் சேரும். சாதாரண மெல்லிய யு.எஸ்.பி. கேபிளில் உள்ள 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் அளவு மின்தடை உண்டு. 1 மீட்டர் கேபிளில் மின்சாரம் போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்து 2 மீட்டர்; 1 ஆம்பியர் ஓடினால் 0.4 வோல்ட்டுக்கு மேல் கம்பியிலேயே கரைந்துவிடும். மறுமுனையில் உள்ள அடாப்டருக்குக் கிடைப்பது 4.6 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. தரைநிலையத்தில் நீண்ட கேபிள் இழுத்து ஆண்டெனாக் கம்பத்தில் அடாப்டரைக் கட்டுபவர்கள் இந்தக் கணக்கை அவசியம் போட்டுப் பார்க்க வேண்டும்.

தீர்வு: டிரோனில், பேட்டரியிலிருந்து 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் தனி மின்னழுத்தச் சீராக்கி ஒன்றை அடாப்டருக்கென்றே வையுங்கள். பலகையிலிருந்து வரும் யு.எஸ்.பி. கேபிளின் சிவப்புக் கம்பியை அறுத்துவிட்டு, சீராக்கியின் 5 வோல்ட்டை அடாப்டருக்கு நேரடியாகக் கொடுங்கள். இரு மின்மூலங்கள் ஒரே கம்பியில் மோதிக்கொள்ளக் கூடாது. கிரவுண்ட் கம்பி பொதுவாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது வளையமாகச் சுற்றிவராமல் ஒரே பாதையில் செல்லுமாறு பாருங்கள். அடாப்டரின் மின்முனைக்கு மிக அருகில், 470 மைக்ரோஃபாரட் அளவுள்ள, உள்தடை குறைந்த மின்தேக்கி ஒன்றைப் பற்றவையுங்கள். பாக்கெட் வெடிப்பின்போது தேவைப்படும் திடீர் மின்னோட்டத்தை அதுவே கொடுக்கும். முனை மாற்றிப் பற்றவைத்தால் மின்தேக்கி வெடிக்கும் என்பதால், மின்சாரம் கொடுக்கும் முன் கோட்டுக் குறி இருக்கும் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள்.

மின்சாரம் சரியாக இருந்தும் ஐந்து பத்து நிமிடங்களுக்குப் பிறகே அடாப்டர் விழுகிறது, சற்று ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது என்றால் அது வெப்பம். மேசை மீது காற்றோட்டமின்றி நடத்தும் சோதனையில் இது அடிக்கடி நிகழும். பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, சிப்பின் மேலிருக்கும் தகட்டில் வெப்பம் கடத்தும் ஒட்டுப்பட்டையுடன் அலுமினியத் தகடு ஒன்றை ஒட்டுங்கள். இறக்கையின் காற்று படும் இடத்தில் வைத்தால் பறக்கும்போது தொல்லை இராது. ஆயினும் கோடைக்காலத்தில் வெயிலில் வைத்துப் புறப்பாட்டுக்குக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடங்களுக்காகச் சிறு விசிறி ஒன்று வைத்துக்கொள்வது வீண்செலவல்ல.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் 30 மீட்டரைத் தாண்டவில்லை

இவ்வளவு குறைந்த தொலைவு எந்த அடாப்டரின் இயல்பும் அல்ல. ஆண்டெனா இணைக்கப்படவே இல்லை என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். வைஃபை அடாப்டர்களில் இருப்பது பெரும்பாலும் ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. என்ற தலைகீழ் வகை இணைப்பி. டிரோன் வீடியோ ஆண்டெனாக்களில் எஸ்.எம்.ஏ. வகையும் உண்டு, ஆர்.பி.-எஸ்.எம்.ஏ. வகையும் உண்டு. இரண்டுக்கும் மரை ஒன்றே என்பதால் ஒன்றின் மேல் மற்றொன்று ஒழுங்காகத் திருகிக்கொள்ளும். ஆனால் நடுவிலுள்ள ஊசி மாறிவிடும்: இரு பக்கமும் துளையாக இருந்தால் தொடுகையே இராது, இரு பக்கமும் ஊசியாக இருந்தால் இரண்டும் முட்டி வளையும். விளக்கொளியில் நடுப்பகுதியைப் பார்த்து, ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை என்று உறுதிசெய்துகொண்டு திருகுங்கள். சிறு பலகைகளில் உள்ள யு.எஃப்.எல். இணைப்பி இன்னும் மென்மையானது. அது 30 முறை கழற்றி மாட்டுவதற்கே உறுதியளிக்கப்பட்டது. அது தளர்ந்துவிட்டால் தரையில் எல்லாம் நன்றாக ஓடி, மோட்டார் அதிர்வு தொடங்கியதும் படம் சிதறும். ஒருமுறை மாட்டியபின் ஒரு துளி சூட்டுப்பசை வைத்து அசையாமல் நிறுத்துங்கள்.

ஆண்டெனாவின் அலைவரிசையையும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வெட்டப்பட்ட ஆண்டெனா 5.8-இல் ஏதோ வேலை செய்வதுபோல் தோன்றும், தொலைவு தராது.

இதற்கு நேரெதிரான அறிகுறியும் உண்டு: மேசையில் படம் சிதறுகிறது, தெருமுனைக்குப் போனால் தெளிகிறது. இது பழுதல்ல. 27 டி.பி.எம். (ஏறக்குறைய அரை வாட்; எண் குறையக் குறைய ஆற்றல் குறைவு) ஆற்றலில் ஒலிபரப்பும் அடாப்டருக்கு 1 மீட்டர் தள்ளி ஏற்பி இருந்தால், 5.8 கிகாஹெர்ட்ஸில் இடைவெளி இழப்பு 48 டெசிபெல்தான். சாதாரண 2 டெசிபெல் ஆண்டெனாக்களைச் சேர்த்தால் ஏற்பியை அடைவது ஏறக்குறைய மைனஸ் 17 டி.பி.எம். வைஃபைத் தரநிலை இந்த அலைவரிசையில் ஏற்பி தாங்க வேண்டியதாகச் சொல்லும் உச்சமோ மைனஸ் 30. காதருகே கத்தினால் சொல் புரியாததுபோல ஏற்பி திணறுகிறது. மேசைச் சோதனையின்போது டிரைவர் அமைப்பில் ஆற்றல் குறியெண்ணை அதன் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிடுங்கள். பறக்கும் முன் அதைத் திரும்ப ஏற்ற மறக்காமலிருக்கச் சரிபார்ப்புத் தாளில் எழுதி வையுங்கள்.

அறிகுறி: கணக்குப்படி வர வேண்டிய தொலைவு வரவில்லை

முதலில் கணக்கே சரியா என்று பார்ப்போம். 5 கிலோமீட்டர் தொலைவில் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை வெறும் வெளியில் இழப்பது 122 டெசிபெல். டிரோனில் 27 டி.பி.எம். ஆற்றலும் 2 டெசிபெல் ஆண்டெனாவும், தரையில் 14 டெசிபெல் தட்டை ஆண்டெனாவும் இருந்தால், ஏற்பிக்குக் கிடைப்பது ஏறக்குறைய மைனஸ் 79 டி.பி.எம். 20 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலத்தில் எம்.சி.எஸ். 1 (வைஃபையின் தரவு வேகப் படிகளில் ஒன்று; எண் குறைந்தால் வேகம் குறைவு) வேகத்துக்குத் தரநிலை கேட்கும் குறைந்தபட்ச உணர்திறனும் அதே மைனஸ் 79. நல்ல சிப்புகள் இதைவிடச் சில டெசிபெல் நுட்பமானவை. உங்கள் கையிருப்பு அந்தச் சில டெசிபெல் மட்டுமே. டிரோன் ஒருமுறை சாய்ந்து ஆண்டெனா திரும்பினால் அது கரைந்துவிடும். இந்த நிலையில் 5 கிலோமீட்டர் 'வரும்' என்று சொல்லலாம், 'நிலைக்கும்' என்று சொல்ல முடியாது.

இப்போது எதை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்று பாருங்கள். ஆற்றலை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபெல், தொலைவு 1.4 மடங்கு. தொலைவு இரட்டிப்பாக வேண்டுமென்றால் ஆற்றல் நான்கு மடங்காக வேண்டும். அதற்கேற்ப வெப்பமும் மின்செலவும் ஏறும். எம்.சி.எஸ். 3 வேகத்திலிருந்து எம்.சி.எஸ். 1 வேகத்துக்கு இறங்கினால் 5 டெசிபெல் செலவின்றிக் கிடைக்கிறது. 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 20 ஆக்கினால் இரைச்சல் 3 டெசிபெல் குறைகிறது. தரையில் ஈட்டம் (ஒரு திசையில் சிக்னலைக் குவிக்கும் திறன்) கூடிய ஆண்டெனாவை வைத்தால், டிரோனின் பேட்டரியிலிருந்து ஒரு துளியும் கூடுதலாக எடுக்காமல் 6 முதல் 10 டெசிபெல் வரை பெறலாம். ஆகவேதான் 'எத்தனை மில்லிவாட் அடாப்டர் வாங்கலாம்' என்று கேட்பவர்களிடம், தரையில் என்ன ஆண்டெனா வைத்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

தரையில் இரண்டு அடாப்டர்கள் வைப்பது இந்த முறையின் மிகப் பெரிய வசதி. ஒவ்வொரு பாக்கெட்டையும் எந்த அடாப்டர் நலமாகப் பெற்றதோ அதனிடமிருந்து மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஒன்றில் தொலைவுக்கான தட்டை ஆண்டெனா, மற்றொன்றில் எல்லாத் திசையும் கேட்கும் ஆண்டெனா என்று வைத்தால், டிரோன் தலைக்கு மேலே வரும்போதும் தொலைவில் இருக்கும்போதும் படம் நிற்காது. இங்கே ஒரு கவனம் தேவை. அடாப்டரைக் கீழே வைத்து ஆண்டெனாவுக்கு நீண்ட கோஆக்சியல் கேபிள் இழுக்காதீர்கள். மெல்லிய ஆர்.ஜி. 174 கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு 2 டெசிபெலுக்கும் மேல் விழுங்கும். அடாப்டரை ஆண்டெனாவின் முதுகிலேயே பொருத்தி, யு.எஸ்.பி. கேபிளைக் கீழே கொண்டுவாருங்கள். அந்தக் கேபிளில் கரையும் மின்னழுத்தத்துக்கு, முன்பு சொன்ன கம்பிக் கணக்கைப் பாருங்கள்.

முனைவாக்கமும், அதாவது அலை அதிரும் திசையும், பொருந்த வேண்டும். வட்ட முனைவாக்க ஆண்டெனா ஒரு பக்கமும் நேர்கோட்டு ஆண்டெனா மறுபக்கமும் இருந்தால் 3 டெசிபெல் போகும். ஒரு பக்கம் வலச்சுழி, மறுபக்கம் இடச்சுழி என்றிருந்தால் இழப்பு 20 டெசிபெலை எட்டும். அதாவது பத்தில் ஒரு பங்குத் தொலைவே மிஞ்சும். டிரோனில் உள்ள நேர்க்கம்பி ஆண்டெனாவின் நுனி தரைநிலையத்தை நோக்கினாலும் இதுபோன்ற வீழ்ச்சி வரும். கம்பி செங்குத்தாகத் தொங்குமாறு வையுங்கள், அருகில் கார்பன் தகடு மறைக்காதவாறு பாருங்கள்.

நேர்கோட்டில் டிரோன் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று எண்ணுவதும் தவறு. நேர்கோட்டைச் சுற்றி அலை பயணிக்கும் பகுதியை ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள்; 5 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் அதன் ஆரம் 8 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது மரமோ கூரையோ இன்றித் திறந்திருக்க வேண்டும். தரை ஆண்டெனாவை முக்காலியிலிருந்து எடுத்து 4 மீட்டர் கம்பத்தில் ஏற்றியதும் சிக்கல் தீர்ந்த நிகழ்வுகள் பல உண்டு. டிரோனை உயர்த்துவதற்கு எல்லை இருக்கிறது: இந்தியாவில் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலம் என்பதே 400 அடி வரைதான். கண்பார்வைக்கு அப்பால் பறப்பதும், அலைவரிசையும், ஆண்டெனா ஈட்டம் சேர்த்த மொத்தக் கதிர்வீச்சு ஆற்றலும் அந்தந்த நாட்டு விதிக்கு உட்பட்டவை. கணக்குத் தாளில் அந்த வரம்பையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சிக்னல் வலுவாக இருக்கிறது, ஆனாலும் பாக்கெட்டுகள் தொலைகின்றன

திரையில் இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள்: மீட்கப்பட்ட பாக்கெட்டுகள், மீட்க முடியாமல் தொலைந்த பாக்கெட்டுகள். டபிள்யூ.எஃப்.பி.-என்ஜி இயல்பாக 8 பாக்கெட்டுகளுக்கு 4 திருத்தப் பாக்கெட்டுகள் சேர்த்து 12-ஆக அனுப்புகிறது. அந்தப் பன்னிரண்டில் எந்த எட்டு வந்தாலும் படம் முழுமையாகும். மீட்கப்பட்டவை மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் இணைப்பு இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் திரும்பி வர வேண்டிய நேரம் நெருங்குகிறது. பாக்கெட்டுகள் வந்தும் எல்லாமே மறைநீக்கப் பிழையாக எண்ணப்பட்டால், இரு பக்கத்து மறைத்திறவுகோல் கோப்புகளும் ஒரு சோடி அல்ல. மறுபடி உருவாக்கி இரு பக்கமும் நகலெடுங்கள்.

உண்மையாகவே தொலைகின்றன என்றால், வீடியோ அளவை முதலில் பாருங்கள். எம்.சி.எஸ். 1 வேகத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கிடைப்பது நொடிக்கு 13 மெகாபிட்; திருத்தப் பாக்கெட்டுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு போனால் ஏறக்குறைய 8.7; பாக்கெட்டின் தலைப்புத் தகவல்களும் இடைவெளிகளும் போக, 6 மெகாபிட்டுக்கு மேல் வீடியோ அனுப்பாமலிருப்பது நல்லது. காட்சி மாறும்போது கேமரா கேட்கும் கூடுதல் பிட்டுகளுக்கு இடம் வேண்டும். மேசையில் அசையாத சுவரைப் படம்பிடித்துச் சோதித்துவிட்டு வயல்வெளியில் புல்லும் இலையும் அசையும்போது படம் உடைவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, ஆற்றல் குறியெண்ணை மிக உயர்த்தியிருப்பது. எல்லை தாண்டினால் மின்பெருக்கி அலையின் வடிவத்தைச் சிதைக்கும். ஏற்பியில் சிக்னல் அளவு கூடும், வாசிக்கக்கூடிய பாக்கெட் குறையும். 50 மீட்டர் தள்ளி வைத்து, குறியெண்ணை ஐந்தைந்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் தொலைந்த எண்ணிக்கையை எழுதுங்கள். எண்ணிக்கை ஏறத் தொடங்கும் படிக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். ஆனால் அடாப்டரைப் பற்றி அதைவிட நம்பகமான செய்தி எந்தப் பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்காது.

ஊருக்குள் மட்டும் தொலைகிறதென்றால் சேனல் நெரிசல். மானிட்டர் நிலையில் இருந்தாலும் அடாப்டர் ஒலிபரப்பும் முன் சேனல் காலியா என்று கேட்டே தொடங்கும். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் பேசிக்கொண்டிருந்தால் அது காத்திருக்கும், வரிசை நீளும், தாமதம் ஏறும். டிரோன் மேலே ஏறியதும் சிக்கல் கூடுவது இதன் தெளிவான அடையாளம். உயரத்தில் அது ஊர் முழுவதன் வைஃபையையும் கேட்கிறது. சேனலை மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பயன்படுத்துபவர்கள் யு.எஸ்.பி. 3.0 துறையைத் தவிர்க்க வேண்டும். அதன் தரவுக் கம்பிகள் அந்த அலைவரிசையிலேயே இரைச்சல் வெளியிடுவதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. வீடியோவுக்கு 2.0 துறையின் வேகமே தாராளம்.

பாக்கெட் எதுவும் தொலையவில்லை, படம் மட்டும் தாமதமாக வருகிறது என்றால் அடாப்டரை விட்டுவிடுங்கள். கேமரா, குறியாக்கம், திரை ஆகிய மூன்றில் ஒன்றில்தான் தாமதம் இருக்கும்.

அறிகுறி: வீடியோவை இயக்கியதும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் குறைகின்றன

இதை ஒருபோதும் பொறுத்துக்கொண்டு பறக்காதீர்கள். ஜி.பி.எஸ். சிக்னல் 1575 மெகாஹெர்ட்ஸில் மிகவும் மெலிந்து வருவது. அருகிலுள்ள பலகை, கேமராப் பட்டைக் கம்பி, யு.எஸ்.பி. கேபிள் ஆகியவற்றின் இரைச்சலே அதை மூழ்கடிக்கப் போதும். அடாப்டரை மட்டும் அணைத்து எண்ணிக்கை திரும்புகிறதா, கேமராவை மட்டும் அணைத்தால் திரும்புகிறதா என்று தனித்தனியே பாருங்கள். காரணமானதற்குச் செம்புப் பட்டை சுற்றி கிரவுண்டில் இணையுங்கள், ஜி.பி.எஸ். தட்டை ஒரு கம்பத்தில் 10 சென்டிமீட்டராவது உயர்த்துங்கள். கட்டுப்பாட்டுக் கருவியின் தொலைவையும் வீடியோ அணைந்திருக்கும்போது ஒருமுறை, முழு ஆற்றலில் ஓடும்போது ஒருமுறை சோதியுங்கள். இரண்டுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரிந்தால் ஆண்டெனாக்களை இன்னும் விலக்குங்கள்.

இவ்வளவும் முடிந்தபின், முதல் தொலைவுப் பறத்தலுக்கு முன் இறுதிச் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். திறந்த வெளியில், கண்ணெதிரே, 50 மீட்டர் தொலைவில் டிரோனை நிறுத்திக்கொண்டு தரைநிலையத்தின் மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டியுங்கள். வீடியோ போனபின்னும் கட்டுப்பாடு உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவியையும் அணைத்து, டிரோன் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி இறங்குகிறதா என்று கடைசிவரை காத்திருந்து பாருங்கள்.